வெள்ளிதோறும் தாழ்ந்த வாசல்

நெளிநாடு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள், தேடப்போய் வேறு நாடு அகப்பட்டால் நான் பொறுப்பல்ல. குடிமக்கள் முன்னேறாததற்கு அவர்களுடைய முதுகெலும்புதான் காரணம் என்பதை அந்நாட்டு மன்னர் வளைமாறன் ஒருநாள் பல் துலக்கும்போது கண்டுபிடித்தார். உடனே, சபை மண்டபத்தின் வாசலை வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் தாழ்த்தும்படி தச்சருக்கு ஆணை போனது. வளைந்து கொடுப்பவர் உள்ளே வந்து வெற்றி பெறலாம். நிமிர்ந்து நடப்பவர் வெளியே நின்று நெற்றியைத் தடவிக்கொள்ளலாம். மன்னருக்கு மட்டும் பின்பக்கம் யானை நுழையும் வாசல் ஒன்று இருந்தது.

முதல் வெள்ளியன்று தலை குனிந்து நுழைந்தவள் குஞ்சரம், கடைமடை ஊர்க்காரி. ஆற்று நீர் கடைசியாக எட்டும் ஊர் அது. மன்னரின் படகு விழாவுக்காக மேலே மதகை அடைத்துவிட்டதால் அந்த ஆண்டு எட்டவே இல்லை. நாற்பது வீட்டு நெல்லும் பூக்கும் பருவத்தில் வாடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தண்ணி பாஞ்சாப் போதுங்க, பொழச்சுக்கும்" என்று மனுவை நீட்டினாள்.

நன்னம்பிக்கைத் துறை அமைச்சர் இன்பநாதர் அதைப் படித்து முகம் சுளித்தார். "'தண்ணீர் இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அம்மா! 'இல்லை' என்ற சொல்லை நேற்றுத்தான் தடை செய்தோம். நாட்டின் மனநிலையையே கெடுக்கிறது. நல்லபடியாக எழுதிக்கொண்டு வா."

இரண்டாம் வெள்ளியன்று இடுப்பை மடக்கி வந்தாள். 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவிருக்கிறது' என்று மாற்றி எழுதியிருந்தாள். அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு இனிய செய்தி! வரவிருக்கும் தண்ணீருக்கு மனு எதற்கு? குறை தீர்ந்தது என்று முத்திரை குத்துங்கள்."

"ஐயா, பயிரு கருகுதுங்க!"

"பொன்னிறமாகிறது என்று சொல், அம்மா."

இப்படிப் பேசத் தனி மனத்திண்மை வேண்டும். எனக்கு அது வாய்க்காததால்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் வெள்ளியன்று அவள் முட்டி போட்டு வந்தாள். தண்ணீருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லி ஒரு மனு. அன்று மன்னரே சபையில் இருந்தார்.

"மூன்றே வாரத்தில் என்ன வளைவு! இது முதுகா, பிரம்பா?" என்று வியந்தார். "கேள் அம்மா, என்ன வேண்டும்?"

"மதகு..." என்று தொடங்கினாள்.

அமைச்சர் இருமினார். "உன் சொந்த வெற்றியைக் கேள். ஊர் வெற்றியெல்லாம் அடுத்த ஆணையில் பார்ப்போம்."

துணை அமைச்சர் பதவியும் குளத்தோடு ஒரு வீடும் கிடைத்தன. உள்ளே இருந்தால் மதகின் சாவி கைக்கு எட்டும் என்று நினைத்துத்தான் அவள் தலையாட்டினாள். உள்ளே போகிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். சாவி அவள் இருக்கைக்குப் பின்னால் ஆளுயரத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. எழுந்து நிமிர்ந்தால் எடுத்துவிடலாம். ஆனால் சபைக்குள் நிமிர்வது ஒழுங்கீனம், நிமிர்ந்தவருக்குப் பதவி போய்விடும்.

நான்காம் வெள்ளியன்று அவளுடைய தம்பி சடையாண்டி வயிற்றால் ஊர்ந்து வந்தான். மனுவை வைத்துவிட்டு, கை நிறையப் பதரை அவள் முன்னால் கொட்டினான்.

"அக்கா, தண்ணி இல்லக்கா. பூராவும் பதராப் போச்சு. பிந்தி நட்ட கீழவெளி மட்டுந்தான் மிச்சம். இன்னிக்கே மதகத் தொறந்தாத் தேறிடும்."

குஞ்சரம் பதரைப் பார்த்தாள். திரும்பிச் சாவியைப் பார்த்தாள். அவள் கை பாதி தூரம் உயர்ந்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். பிறகு அந்தக் கை இறங்கி, மனுவை எடுத்து அவனிடமே நீட்டியது.

"'இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, தம்பி. நல்லபடியாக எழுதிக்கொண்டு வா."

அவன் மனுவை வாங்கிக்கொண்டான். திரும்ப இடமில்லாததால் பின்னோக்கியே ஊர்ந்து போனான்.

அடுத்த வெள்ளியன்று வாசல் தரையைத் தொட்டது. அந்த வாரம் ஒரு மனுவும் வராததால் மகிழ்ந்த அரசு, நெளிநாட்டில் இனிக் குறையே இல்லை என்று பறையறைந்து அறிவித்தது. தடை செய்யப்பட்ட சொல் அதில் இருந்ததை எவரும் சுட்டிக்காட்டவில்லை. அறிவிப்பின் கீழே குஞ்சரத்தின் கையெழுத்து இருந்தது.