முதல் நாற்பது பக்கம்

இன்சீன், யாங்கோன்.
மாசி 14, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் மாசிலாமணி அவர்களுக்கு, ராஜரத்தினம் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கமணியும் நலம், அதாவது கரண்டு இருக்கிற நேரங்களில் நலம். திருச்சியில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்காவின் சர்க்கரை, தங்கள் கண் ஆபரேஷன் இரண்டையும் நான் விவரமாக விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை. போனில் சொன்னால் தங்கமணி காதில் விழுந்துவிடும் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். எனக்குத் தங்களால் ஒரு விடுதலைக் கடிதம் ஆக வேண்டியிருக்கிறது.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வே பட்டறையில் ஸ்டோர் கிளார்க் என்பது சம்பளத்துக்கு. 1983-ல் பன்சோடான் தெருவில் மழைக்கு ஒதுங்கின இடத்தில், சும்மா நிற்கக் கூடாதே என்று, நடைபாதைக் கடையில் அட்டை இல்லாத ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். அது நாற்பத்தோராம் பக்கத்தில்தான் தொடங்கியது. மென்னோனைட் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம். ஆயுதம் எடுக்க மாட்டார்கள், சத்தியமும் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் கட்சி. பட்டாளத்துக்கு ஆள் கேட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ருஷ்யாவிலிருந்து கனடா, அங்கிருந்து பராகுவே என்று போய்க்கொண்டே இருந்தவர்கள். முதல் நாற்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருந்த கனடா விலாசத்துக்கு எழுதிக் கேட்டேன். ஏழு மாதம் கழித்து நாற்பது பக்கமும் நகலாக வந்தது, கூடவே ‘தங்கள் கருத்தை எழுதினால் மகிழ்வோம்’ என்று ஒரு வரி. மரியாதைக்கு எழுதியிருப்பான், பாவம். நான் நாற்பத்து மூன்று வருஷமாகக் கருத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களுடைய ஆண்டிதழில் நாலு கட்டுரை வந்திருக்கிறது, அலமாரியில் ஆயிரத்து நூறு பக்கம் வராமல் இருக்கிறது. பராகுவேயில் எந்த வீட்டில் எத்தனை பசு என்று எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தங்கமணியைக் கேட்டால்தான் தெரியும். அவர்களில் சிலர் காரைத் தொடாமல் இன்றும் குதிரைவண்டியில்தான் போவார்கள், அதனால் அவள் அவர்களை ‘உங்க குதிரைவண்டிக்காரங்க’ என்பாள். கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம், “நம்மாளுக கப்பல்ல வந்த கதைய விட்டுட்டு எவன் கதையவோ எழுதுறியேப்பா” என்பார்கள். எதை வைத்து எழுத? நம் சங்கத்துப் பழைய காகிதம் எல்லாம் கோயில் இரும்புப் பெட்டியில். பெட்டிச் சாவி தலைவர் தியாகராசன் இடுப்பில். இருபத்திரண்டு வருஷம் கேட்டேன். “தலைவரத் தவிர யாரும் தொறக்கப்படாதுன்னு விதி இருக்கு. ஒங்க அவசரத்துக்கு விதி மாறுமாக்கும்?” என்பார். நானும் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட எனக்குப் போன வருஷம் கனடாவிலிருந்து அழைப்பு வந்தது, இந்த ஏப்ரல் முதல் வாரம் நேரில் வந்து பேசும்படி, போக வர டிக்கெட்டோடு. பாஸ்போர்ட்டுக்குப் பதினோரு மாதம் நடந்தேன். கைரேகை மெஷினில் என் ரேகை விழவே இல்லை, முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணித் தேய்ந்துபோயிருக்கிறது. ஜன்னலுக்குள் இருந்தவர், என்ன காரியமாகப் போகிறாய் என்று பர்மியத்தில் கேட்டார். அவர்கள் சரித்திரத்தை அவர்களுக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். ஏன், அவர்களுக்கே தெரியாதா என்றார். கையை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டு வைத்தேன்.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். தியாகராசனுக்கு எழுபத்தொன்பது ஆகிவிட்டது, முட்டி போய்விட்டது, பதவி வேண்டாம் என்றார். ஒரு காலத்தில் இந்தப் பதவிக்கு நாற்காலி பறக்கும், இப்போது ஆள்தான் பறக்கிறது. உற்சவ அனுமதிக்கு ஆறு நடை, கரண்டு வருகிற நிமிஷத்தில் ஓடிப்போய் மோட்டார் போட ஆள், ஜெனரேட்டருக்கு டீசல், கோபுரத்தில் புறா. கணேஷுக்கு ஷ்வேப்யிதா பேக்டரியில் ஷிப்டாம், சுப்பையாவுக்குப் பிரஷராம், மூணு மணி நேரம் ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டப் பார்த்தாங்க. நான் பாட்டுக்கு ஓரமா உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். அப்ப செயலாளர் மஞ்சுளா, ஸ்கூல் டீச்சர், என்னையும் வாத்தியார் மரியாதையில் ஸயான்னுதான் கூப்பிடுவா, அவ திரும்பி, “ஸயா, நீங்க எழுதுறீங்களே அந்த ஆளுங்க, அவங்க எப்படித் தலைவரைப் பிடிப்பாங்க?”ன்னு கேட்டுட்டா. அத்தான், நாற்பத்து மூணு வருஷத்தில் என் வேலையைப் பத்தி ஒரு ஜீவன் கேட்ட முதல் கேள்வி! வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும். எனக்கு எங்கே அந்தப் புத்தி? எழுந்து நின்னு சொன்னேன். அவங்கள்ல சில சபையில் போதகர் வேணும்னா, எத்தனை பேர் பெயர் அடிபடுதோ அத்தனை பாட்டுப் புத்தகம் வரிசையா வைப்பாங்க, ஒண்ணுக்குள்ள மட்டும் ஒரு சீட்டு. ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். சீட்டு வந்தவர்தான் போதகர், சம்பளம் கிடையாது, மாட்டேன்னு சொல்லக் கூடாது, ஆயுசுக்கும் அவர்தான்.

கை தட்டிட்டாங்க அத்தான். அங்கேயே ஏழு தேவாரப் புத்தகத்தை எடுத்து, பழைய பேப்பரில் அட்டை போட்டு, வரிசையா வெச்சாச்சு. சீட்டை யார் வைத்தது, எப்படி வைத்தது என்பதெல்லாம் இப்போது பேசிப் பிரயோஜனம் இல்லை. “முறை தெரிஞ்சவர் நீங்கதான், மொதல்ல நீங்க எடுங்க”ன்னு என்னைத் தள்ளிவிட்டாங்க. எடுத்தேன். பிரிச்சேன். சீட்டு பல்லைக் காட்டிக்கிட்டு உள்ளே இருக்கு. மாலை போட்டாங்க, தியாகராசன் சாவிக்கொத்தை அவிழ்த்து என் இடுப்பில் சொருகிட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையா நிமிர்ந்து நடந்து போனார். பங்குனி உத்திரம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி. தலைவர்தான் காப்புக் கட்டிக்கணும், காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என் கனடா போச்சு.

விதிப்புத்தகத்தைப் புரட்டினதில் ஒரே ஒரு வழி தெரிகிறது. ஆயுள் உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலமாகத் தலைவரை விடுவிக்கலாம். ஆயுள் உறுப்பினர்களில் ஆயுளோடு இருப்பது தாங்கள் ஒருவர்தான். செயலாளராக இருந்த தங்கள் தகப்பனார், தாங்கள் பிறந்த பதினாறாம் நாளே சேர்த்துவிட்டாராம். அறுபத்து நாலில் கப்பல் ஏறிவிட்டாலும் பலகையில் தங்கள் பெயர் அழியவில்லை. ஆகவே ‘ராஜரத்தினம் லாயக்கில்லை, விடுவிக்கிறேன்’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பவும். லாயக்கில்லை என்பதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரன் பேத்திகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், கமிட்டி எதிலும் சேராமல், நீண்ட நாள் இருக்க முருகன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன மைத்துனன்,
ராஜரத்தினம்

பின்குறிப்பு: உறையை ஒட்டி நாலு நாள் வைத்திருந்துவிட்டு மறுபடியும் பிரித்தேன். சத்தியமே செய்யத் தேவையில்லாத ஜனங்களைப் பற்றி இத்தனை வருஷம் எழுதிய கையால் இதை அப்படியே அனுப்ப முடியவில்லை. சீட்டை வைத்தது நான்தான் அத்தான். முறை தெரிந்தவர் என்று என்னிடமே கொடுத்தார்கள். இடமிருந்து நாலாவது புத்தகம், அட்டையில் சிமெண்டு விளம்பரம். தெரிந்துதான் எடுத்தேன். எனக்குச் சாவி வேண்டியிருந்தது. பெட்டியைப் பார்த்துவிட்டு, தங்கள் கடிதத்தைக் காட்டிக் கனடாவுக்கும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கனடாவுக்கு வரவில்லை என்று நேற்றே எழுதிவிட்டேன், எழுதும்போது அழுகை வந்தது. தங்கமணியிடம் இன்னும் சொல்லவில்லை, அவள் இரவல் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். பெட்டியைத் திறந்துவிட்டேன். சங்கக் குறிப்புப் புத்தகம் இருக்கிறது, தங்கள் தகப்பனார் கையெழுத்தில். யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்த லைன் வீட்டில் இருந்தார்கள், யாரை விட்டுவிட்டு வந்தார்கள், எல்லாம் எழுதியிருக்கிறார். பெட்டியின் அடித்துருவில் புகுந்த கரையான் முன்பாதியைத் தின்றிருக்கிறது. பக்க எண்ணைப் பார்த்தேன், போனது சரியாக நாற்பது பக்கம். ஆகவே விடுதலைக் கடிதம் வேண்டாம். தகப்பனார் சொல்லித் தங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கிறதோ, அதை எழுதி அனுப்புங்கள். ஏழு மாதம் ஆனாலும் பரவாயில்லை. தங்கள் கருத்தையும் எழுதினால் மகிழ்வேன்.