நிற்க முடியாதவர்களுக்கான வரிசை

மனித குலத்தின் கருணை எங்கே உச்சத்தைத் தொட்டது என்று கேட்டால், எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவின் "வரிசை விலக்குப் பிரிவில்" என்று தயங்காமல் சொல்வேன். அதன் பொறுப்பாளன் நான்தான் என்பது தற்செயல். நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்கு நாங்கள் நீல அட்டை தருகிறோம். அதைக் காட்டினால் எந்த ராட்டினத்திலும் காத்திருக்காமல் ஏறலாம். அட்டை வாங்க மட்டும் வரிசையில் நிற்க வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் இடம் போய்விடும். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

போன சனிக்கிழமை ஒரு தையற்காரம்மா ஒன்பது வயது மகளோடு என் கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம். ஒரு கையால் டாக்டர் சான்றிதழை நீட்டினார். மறு கை கவுண்டர் விளிம்பை விடவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்கம்மா?" என்று அன்போடு விசாரித்தேன்.

"ரெண்டே கால் மணி நேரமா சார்."

"அப்போ நிக்க முடியுதே." விண்ணப்பத்தில் "நிற்கிறார்" என்று குறித்துக்கொண்டேன்.

"நிக்காம இங்க எப்படி சார் வர்றது?"

"வராதவங்களுக்கு எப்படிம்மா அட்டை குடுக்கிறது?"

மகள் அம்மாவின் புடவையை இழுத்தாள். "ராட்டினம் வேணாம்மா. வீட்டுக்குப் போலாம்."

"சும்மா இரு. உன்கூட ஏறுறேன்னு மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்."

எனக்கும் மனசு இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்லிப் பக்கத்துக் கவுண்டரைக் காட்டினேன். அங்கே கூட்டம் குறைவு, நாற்பது பேர்தான்.

அந்த அம்மா திரும்பினார். நாலு எட்டு வைத்திருப்பார், முழங்கால் மடங்கியது. மகள் தாங்கப் பார்த்தாள்; முடியவில்லை. இருவருமாகத் தரையில் சரிந்தார்கள்.

நான் கடமையில் தாமதிப்பவன் அல்ல. முத்திரையோடு ஓடினேன். "நிற்கிறார்" என்பதை அடித்துவிட்டு, "விழுந்தார், நேரில் கண்டேன்" என்று எழுதி, அங்கேயே குனிந்து அட்டையைக் கையில் கொடுத்தேன். பூங்கா மூடும் நேரம். ராட்டினத்தை அப்போதுதான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

மகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, குரல் உயர்த்தாமல் கேட்டார்:

"விழுந்து காட்டினாதான் அட்டையா சார்?"

நூற்றுப் பன்னிரண்டு பக்க விதிமுறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மேலாளருக்கும் பிடித்துப்போயிற்று. மறுநாளே கவுண்டருக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினோம், கேள்வியை மட்டும் எடுத்துவிட்டு: "விழுந்து காட்டினால்தான் அட்டை."