நல்லா வலிக்கு

புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது என் பழைய நோய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாலும் அங்கே கற்ற அந்த ஒரு பாடத்தை விடவில்லை. ஹைதராபாத் பிஸ்கட் கம்பெனியில் தெலுங்குக்குத் தலையாட்டினேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் சமையல்காரனாக இருந்தபோது அந்த ஊர் மொழிக்கும் ஆட்டி, தண்ணீர் கேட்ட ஆபீசருக்கு ரசம் கொடுத்தேன். (அவரும் தலையாட்டிக்கொண்டே குடித்தார். அவருக்கும் இதே நோய் போல.) அதனாலெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஆட்டியதுதான் வம்பாகிவிட்டது.

எனக்கு இதயத்தில் ஓட்டை இருப்பது இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. ஆறுமுகநேரி உப்பளத்தில் மூட்டை ஏற்றும்போது மயங்கி விழுந்தேன். திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்தே இருந்ததாம். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, ஓட்டையை அடைத்து, எலும்பைக் கம்பியால் கட்டி, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வீடு என்றால் தூத்துக்குடியில் ஜெபமாலை அக்கா வீடுதான்.

அக்காவின் கணவர் மிக்கேல் மச்சான் சங்கு குளிப்பவர். கடலுக்கடியில் போய்ச் சங்கு பொறுக்குவதை நாங்கள் குளிப்பது என்றுதான் சொல்வோம். ஒரே மூச்சில் இரண்டு நிமிடம் கீழே இருப்பார். முன்பு நானும் அவரோடு போய்ப் பார்த்திருக்கிறேன். போன வேகத்திலேயே மேலே வந்துவிடுவேன். "மூஞ்சி கழுவவா போன?" என்று கேட்பார். ஓட்டை விஷயம் தெரிந்த அன்று, அப்படிக் கேட்டதை நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் மூக்கைச் சிந்தினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் தந்தார்கள். உள்ளே மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, பக்கத்தில் வாயில் வைக்க ஒரு குழாய். மூச்சுப் பயிற்சிக்கு. பந்துகள் மேலே எழும்பாவிட்டால் நுரையீரலின் அடியில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, மறுபடியும் படுக்கையில் போடவேண்டி வரும் என்று டாக்டர் எச்சரித்தார். செய்முறை சொன்னது லிஜி என்ற கேரளத்துப் பெண். அங்கே மூச்சுப் பயிற்சி கொடுப்பது அவள்தான்.

"நல்லா வலிக்கு, சேட்டா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் 'வலிக்கிறது' என்பதை 'வலிக்கு' என்போம். என் வலியைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, "ஆமா, நல்லா வலிக்கு" என்றேன். "ஆ, நல்லா வலிக்கு" என்று அவள் மலர்ந்த முகத்தோடு தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். கனிவான பெண், அடுத்தவர் வலியில் இவ்வளவு சந்தோஷமா என்று மட்டும் தோன்றியது. (மயக்கம் தெளியாத முதல் நாட்களில் அவளே குழாயை என் வாயில் வைத்து என்னை ஒரு பந்தை எழுப்ப வைத்தாளாம். புத்தி தெளிந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.)

குழாயைக் கண்டால் மனிதன் என்ன செய்வான்? ஊதினேன். பந்துகள் அசையவில்லை. மணிக்குப் பத்து முறை வீதம் ஐந்து நாள் ஊதினேன். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமி, மறுபடியும் ஊதினேன். நெஞ்சுக்குள் எலும்பு ஒன்றோடொன்று உரசுவது காதில் கேட்டது. ஆறாம் நாள் உடம்பு சுட்டது. பழுது பார்த்த இதயத்தை வைத்துக்கொண்டு மூச்சில்லாமல் சாகப்போகிறேன் என்று முடிவு செய்தேன். அந்த முடிவை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அன்றைக்குத்தான் மச்சான் டப்பாவைப் பிடுங்கினார். "இங்கன கொண்டால. நாலு பந்தும் மோட்டுல முட்டுதா இல்லையா பாரு." (மூன்றுதான் என்று நான் சொல்லவில்லை.) ஊதினார். கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்தது. பந்துகள் கிடந்த இடத்தில் கிடந்தன. அவரோடு குளிக்கப் போகும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களும் ஊதித் தோற்றார்கள். டப்பாவில்தான் கோளாறு என்று அக்கா சொன்னாள். மச்சான் கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். மறுநாள் கடலுக்குப் போகவில்லை.

"ஏளா, எனக்கும் ஓட்ட இருக்கும்போல" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு தலைவலிக்குக்கூடப் படுக்காத மனிதர். அக்கா பயந்துபோய், எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். நான் தலையணையைக் கட்டிப்பிடித்திருந்தேன். மச்சான் டப்பாவை மடியில் வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஏறிய ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு அக்காவிடம், "ரெண்டு பேருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். எதைக் கேட்டாள் என்று இன்றுவரை தெரியாது.

லிஜியின் அறையில் ஏழெட்டு நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தன்னைப் படம் எடுக்கவேண்டும் என்று மச்சான் அடம்பிடித்தார். அவள் டப்பாவை என் கையில் கொடுத்து, செய்து காட்டச் சொன்னாள். ஊதினேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "சேட்டா, ஊதக் கூடாது. வலிக்கு. நல்லா வலிக்கு."

"நல்லாத்தான் வலிக்கு, சிஸ்டர்."

"வலிக்கு, வலிக்கு."

"வலிக்குன்னுதான நானும் சொல்லுதேன்."

அறையே எங்களைப் பார்த்தது. மச்சான் மட்டும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல எழுந்தார்.

"ஏலே கூமுட்ட, வலிக்கான்னு கேக்கல அவ. வலிக்கச் சொல்லுதா. வள்ளத்துல தண்டு வலிக்கோம்லா, அந்த வலி. இழுக்கணும்ல."

தண்டு என்றால் துடுப்பு. அதை இழுத்துப் போடுவது வலிப்பது. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல். மலையாளத்தில் எதை இழுத்தாலும் அதுதானாம். வரிசையில் இருந்தவர்கள் தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாவம், அவர்களுக்கும் வலித்திருக்கும்.

குழாயை வாயில் வைத்து இழுத்தேன். முதல் பந்து எழும்பியது. இரண்டாவது நடுங்கி நடுங்கி எழுந்து நின்றது. காற்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எனக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பது இருபத்தாறு வருடத்தில் எனக்குத் தெரிந்ததே இல்லை. எல்லாரும் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்களா, தினமும், ஒன்றும் நடக்காதது போல? வெட்கமெல்லாம் மறந்து அந்த இரண்டு பந்துகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லிஜி குழாயைக் கழுவி மச்சானிடம் கொடுத்தாள். மூன்று பந்துகளும் 'டக்'கென்று உச்சியில் ஒட்டிக்கொண்டன. அவள் போதும் என்ற பிறகும் விடவில்லை. கடைசியில் இறக்கிவிட்டு, முகத்தில் பழைய திமிரோடு, ஆபரேஷன் நடக்கும்போது இவன் எப்படி மூச்சு விட்டான் என்று கேட்டார்.

விடவில்லை என்றாள் லிஜி. இதயமும் நிற்கும், நுரையீரலும் நிற்கும், மெஷின்தான் ரத்தத்தை ஓட்டும். என் தாளைப் புரட்டிப் பார்த்து, "இவருக்கு ஒண்ணேகால் மணி நேரம்" என்றாள்.

அந்த ஒன்றேகால் மணி நேரம் நான் எங்கே இருந்தேன்? எந்த ஊர்சுற்றியும் பார்க்காத இடத்துக்கு, படுத்த இடத்திலிருந்தே போய்வந்திருக்கிறேன். மச்சான் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

வந்த காய்ச்சல் மாத்திரையில் அடங்கியது. அடுத்த நாள் மச்சான் கடலுக்குப் போனார். இப்போதும் கரையில் எவனாவது மூச்சுப் பிடிப்பதைப் பற்றிப் பெருமையடித்தால் என்னைத்தான் கைகாட்டுகிறார். எங்க வீட்டுல ஒருத்தன் ஒண்ணேகால் மணி நேரம் கீழ கெடந்தான் என்பார். போன கிறிஸ்மஸில் அது மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நான் திருத்துவதில்லை.

அந்தக் கிறிஸ்மஸ் அன்று கரைக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர், அவ்வளவு நேரம் கீழே கிடந்தவன் என்னதான் எடுத்துவந்தான் என்று கேட்டார்.

"அவனையே தூக்கிட்டு வந்தாம்லா" என்றார் மச்சான்.