சித்தர் கிணற்றுச் சில்லிப்பு

பூமாதேவியின் கருணைக்கு விலை எட்டணா. குழந்தைகளுக்கு நாலணா. பேரம் கிடையாது, தெய்வ காரியம் பாருங்கள்!

ஐம்பத்து மூன்றாம் வருஷத்து அக்கினி நட்சத்திரம். தார் உருகுகிற டோல்கேட்டில், பாதாள சித்தரின் கிணற்றைச் சுற்றி ஜனங்கள் வரிசையாக நின்று கருகிக்கொண்டிருந்தார்கள். சித்தர் முந்நூறு வருஷம் குகையில் இருந்தவராம். கிணற்றுத் தண்ணீர் ஆளைப் பார்த்துக் குணம் மாறுமாம். புண்ணியவானுக்குச் சில்லிடும், பாவிக்குச் சுடும். சுட்டால் பரிகாரம் பத்து ரூபாய். வயிறு ஒட்டிய கூலிக்காரர்கள் எல்லாரும் புண்ணியவான்களாகவும், மோதிரம் போட்டவர்கள் எல்லாரும் பாவிகளாகவும் அமைந்ததுதான் அதிசயம். அந்த மட்டில் சித்தர் சொல்வது சரிதான் என்று கூலிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

முறை எளிது. பட்டுத் துணி போர்த்திய இரண்டு செம்புக் குடங்கள். ஒன்றில் வெட்டிவேர் தீர்த்தம், மற்றதில் மிளகுத் தீர்த்தம். சித்தர் காட்டுகிற குடத்தில், நூற்றெட்டு எண்ணும்வரை கையை அமிழ்த்திச் சுத்தி செய்யவேண்டும். பிறகு கிணற்று வாளியில் கையை விடவேண்டும். அவ்வளவுதான், பாவ புண்ணியம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

தோல் மண்டி அத்தாவுல்லா பாய் ஏமாளி அல்ல. ஆட்டுத் தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துக் காலணா குறைப்பவர். அவர் அந்தக் கிணற்றுக்குப் பக்கத்து மனையில் தொள்ளாயிரம் பேர் உட்காரும் டாக்கீஸ் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குளிரூட்டும் யந்திரம் வேறு! அதற்காக மண்டியை அடமானம் வைத்தாகிவிட்டது. மடியில் மிச்சம் ஏழாயிரம். அதுவும் போனால் டாக்கீஸும் இல்லை, மண்டியும் இல்லை.

இஞ்சினீயர் வெள்ளத்துரை அந்தப் பணத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். யந்திரம் வாரும் சூட்டை மண்ணுக்குள் இறக்கப் பதினாறு துளைகள், ஒவ்வொன்றும் நூற்றைம்பது அடி ஆழம், இருபதடிக்கு ஒன்று. உள்ளே இரும்புக் குழாய். குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீர். வெள்ளோட்டமாக ஒரு துளையும் போட்டாயிற்று. அதன் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போய்ச் சித்தர் முன்னால் வைத்தார் பாய். வெட்டிவேர் தீர்த்தத்தில் கையைச் சுத்தி செய்து வாளியில் விட்டால், யா அல்லா! சுட்டது.

"அக்கினி நாடி!" என்று அலறினார் சித்தர். "இதன்மேல் கொட்டகை எழுப்பினால் ஜனங்கள் வெந்துபோவர். பதினாறும் வேண்டா. யாம் காட்டும் இடத்தில் ஒரே கிணறு. காணிக்கை ஏழாயிரம்."

மடியில் இருந்த தொகையைச் சித்தர் அப்படியே சொன்னதில் பாய் புல்லரித்துப்போனார். முதல் நாள் டீக்கடையில் அதை உரக்கச் சொன்னவர் தாமேதான் என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காணிக்கை வைபவம். மிளகுத் தீர்த்தத்தில் சுத்தி செய்து சித்தரின் கிணற்று வாளியில் கையை விட்டார் பாய். சில்லென்று இருந்தது. கண்ணில் நீர் கட்டியது. மடியை அவிழ்த்தார்.

வெள்ளத்துரை குறுக்கே வந்தார். "பாய், தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டேன். நம்ம துளைத் தண்ணி, இந்தக் கிணத்துத் தண்ணி, ரெண்டும் எண்பத்துநாலு டிகிரிதான்."

"கண்ணாடிக் குச்சிக்கு இன்னா தெரியும் துரை? முப்பது வருசம் தோல் தடவுன கை இது. பொய் சொல்லுமா?"

"யந்திரம் ஹால்ல இருக்கிற சூட்டை வாரி மண்ணுக்குள்ள கொட்டுது. தொள்ளாயிரம் பேரோட உடம்புச் சூடு! எல்லாத்தையும் ஒரே குழியில கொட்டினா பத்து நாள்ல அந்தக் குழியே கொதிக்கும். ஆயிரம் தோல் கட்டை ஒரே கிடங்குல அடைப்பீங்களா?"

"கெடங்குக்கு மந்திரம் இல்ல. இதுக்கு மந்திரம் கீதுபா!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டலைப் பிளந்துகொண்டு ஒரு குரல் வந்தது.

"வழி வுடுங்கப்பா, கரைஞ்சுகினு கீது!"

ராயபுரத்து மீன்காரி வியாகுலம்மாள். தலையில் மரத்தூள் சாக்கு. சாக்குக்குள் ஐஸ் கட்டி. "யோவ் சித்தரே, ஒன் சிஷ்யன் இன்னிக்கு ஐஸ் எடுக்க வரல. நானே தூக்கினு வந்தேன். எங்க வெக்கிறது?"

சித்தர் கண்ணை மூடிக்கொண்டார். "மாதே, யாம் மீன் உண்பதில்லை."

"அதான் நானும் கேக்கறேன். மீன் துன்னாத ஆளுக்கு தெனம் அரைக் கட்டி ஐஸ் இன்னாத்துக்கு?"

அவிழ்த்த மடி பாயின் கையிலேயே நின்றது. வியாகுலம்மாள் அவரையும் பார்த்தாள், குடங்களையும் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"நைனா, விடிகாலைல ஐஸ்ல மீன் அளைஞ்சிட்டுக் கொழாத் தண்ணில கை களுவுனா வென்னீராச் சுடும். மீன் விக்கிற அத்தினி பேருக்கும் தெரியும். இங்க வா."

சுறாவைப் பிடிப்பதுபோல் அவருடைய கைகளைப் பிடித்தாள். இடது கை வெட்டிவேர்க் குடத்தில், வலது கை மிளகுக் குடத்தில். கூட்டமே நூற்றெட்டு எண்ணியது, பழகிய எண்ணிக்கை. பிறகு இரண்டு கைகளையும் சித்தரின் வாளியில் ஒன்றாக அமிழ்த்தினாள்.

பாயின் வாய் கோணியது. "இடது கை சுடுது... வலது கை சில்லுங்குது."

"ஒரே வாளி, ஒரே தண்ணி. எந்தக் கை நைனா பாவி? எத வெட்டிப் போடலாம்?"

யாரோ பட்டுத் துணியை உருவினார்கள். ஒரு குடத்தில் வேருக்கு அடியில் நேற்றைய ஐஸில் மிஞ்சிய துண்டு. மற்றதற்குக் கீழே கரி அடுப்பு. சித்தரின் 'யாம்' அந்த நிமிஷமே பறந்தது. "அடிக்காத தோஸ்து! வூட்ல புள்ளகுட்டி கீது!" முந்நூறு வருஷக் குகைவாசி வேலி தாண்டி ஓடினார்.

பாய் பணத்தை வெள்ளத்துரையிடம் நீட்டினார். "பதினாறும் போடு துரை. இனிமே என் கையக் கேக்காத. அந்தக் குச்சியக் கேளு."

அதோடு முடிந்ததா? ஒரு பெண் வியாகுலம்மாளின் காலைத் தொட்டாள். "யம்மா, ஒன் கையால ஒரு துண்டு ஐஸ் குடும்மா. புள்ளைக்கி ராசியா இருக்கட்டும்."

"மீன் கெடாம இருக்கத்தான் ஐஸு. புத்தி கெட்டதுக்கு அது இன்னா பண்ணும்? எந்திரி!"

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஜனங்களே, மகிமை வாங்கும்போதும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அன்றைய கணக்கை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். காசைத் திருப்பிக் கேட்டு உண்டியலை உடைத்தவர்கள், பாயையும் சேர்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். 'நான் ஏன் நம்பினேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டவர் அத்தாவுல்லா பாய் ஒருவர். பாக்கி, முந்நூற்றுப் பதினொன்று.