நூலின் மறுமுனை

இந்த வருஷத்தோடு சரி. அடுத்த வைகாசியில் இந்த வீட்டு வாசலில் ஒரு மச்சான் தலை தெரியக் கூடாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தர்மன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே இப்படி முடிவு கட்டினான். வாய்விட்டு அல்ல, மனசுக்குள்தான். வாய்விட்டு முடிவு கட்டும் பழக்கம் கல்யாணத்தோடு அவனை விட்டுப் போயிருந்தது.

பாவம், அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு என்றால் ஒரே ஒரு கூடம். அதில் பாதி தறி. மீதிப் பாதியில்தான் சோறு, தூக்கம், சண்டை எல்லாம். வருஷா வருஷம் கருட சேவை பார்க்க என்று பெரம்பூரிலிருந்து மனைவியின் தம்பி ராஜவேலு பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்குவான். ஆரணியிலிருந்து அவள் தங்கை ஜெயம்மாள் தன் படையோடு வருவாள். பெருமாள் கருடன்மேல் ஒரு காலையில் வந்துவிட்டுப் போய்விடுவார். இவர்கள் போக மாட்டார்கள். முழுசாகப் பத்து நாள். தறிக்குழியில் ஒரு குழந்தை தூங்கும். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் மேல் ஈரத்துண்டு காயும். போன வருஷம் தறியில் குறுக்கே பாயும் அவனுடைய மர நாடா தொட்டித் தண்ணீரில் கப்பலாக மிதந்தது. அன்றைக்கே அவன் மனசு கசந்துபோயிற்று.

மனைவி ரேணுகாம்பாளுக்கோ அந்தப் பத்து நாள்தான் வருஷமே. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்வீட்டை யாரோ வாங்கி மாடு கட்டியிருக்கிறார்கள். தம்பியும் தங்கையும் வந்தால்தான் அவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். தர்மன் அதைப் பார்க்காதவன் இல்லை. பார்த்தும் கண்டுகொள்ளாமல் இருந்தான், அதுதான் அவன் செய்த தப்பு.

"ஏங்க, ராஜவேலு இந்த வாட்டி கூடாரம் எடுத்துக்கினு வர்றானாம்."

"கூடாரமா? சர்க்கஸ் வுடப் போறானா?"

"பாலாத்துப் பக்கம் எங்கனா தோப்புல டேரா போட்டுத் தங்கலாமாம். மெட்ராசுல எல்லாம் லீவுக்கு அப்படித்தான் போறாங்களாம். தோப்புலருந்தே கோயிலு, குளம் எல்லாம் போயிட்டு வந்துடலாம்னு சொல்றான்."

தர்மன் கை தறியில் அப்படியே நின்றது. ஐயம்பேட்டை தாண்டி அவன் முதலாளிக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்பின் கோடியில் ஒரு பழைய கொட்டகை. எந்தக் காலத்திலோ யாரோ தறி போட்டு நெய்துவிட்டு, பாதியிலேயே விட்டுவிட்டுப் போன இடம்.

"தாராளமா தங்கட்டும்மா. நானே முதலாளிகிட்ட கேக்கறேன்" என்றான்.

கேட்ட வாய் மூடுவதற்குள் புருஷன் சரி என்றால் எந்தப் பெண்ணும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பாள். ரேணுகாம்பாளும் பார்த்தாள்.

டேரா போட்டார்கள். ராஜவேலு நாலு முளை அடிப்பதற்குள் நாற்பது தரம் "எங்க ஒர்க்‌ஷாப்புல" என்றான். பிள்ளைகள் மரத்துக்கு மரம் தாவின. ஜெயம்மாள் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள். ஆனால் அந்தத் தோப்பில் ஒரு சங்கதி. காய் அப்படிக் குலுங்கியும் ஒரு கிளி இல்லை, ஒரு காக்கை இல்லை. பிள்ளைகள் போட்ட கூச்சல் கொட்டகைப் பக்கம் போனதும் கிணற்றில் விழுந்த மாதிரி அடங்கிவிட்டது. தர்மனுக்கு அது முதலில் உறைக்கவில்லை.

தோப்புக் காவலுக்குக் கலியன் என்று ஒருத்தர் இருந்தார். தர்மன் அவரைத் தனியாகப் பிடித்தான்.

"இன்னாபா கலியா, அந்தக் கொட்டாய் சும்மாத்தான இருக்குது? யாரும் பொழங்கறது இல்லியா?"

"அங்க யாரும் போறதில்ல."

"ஏன், பாம்பா?"

"பாம்பு இல்ல" என்றார் கலியன். அதற்குமேல் பிடுங்கியும் ஒரு வார்த்தை வரவில்லை. தர்மனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம்.

சாயங்காலம் எல்லோரும் சோற்றைப் பிசையும்போது ஆரம்பித்தான்.

"இந்தக் கொட்டாய்க் கதை தெரியுமா உங்களுக்கு? எல்லம்மாள்னு ஒருத்தி. தங்கச்சி கண்ணாலத்துக்குன்னு அங்க ஒக்காந்து புடவை நெய்ஞ்சிக்கினு இருந்தா. முந்தானை முடியறதுக்குள்ள, ஒரு உச்சி வேளையில, தறி மேலயே சாஞ்சிட்டா. இன்னிக்கும் உச்சியில வந்து ஒக்காருவாளாம். பக்கத்துல சொந்தபந்தம் சிரிச்சிக்கினு இருந்தா அவளுக்குத் தாங்காதாம்."

"வந்து இன்னா பண்ணுவா, பெரியப்பா?" என்றது ஜெயம்மாளின் சின்னப் பெண்.

"யாரு தங்கச்சின்னு தேடுவா."

ஜெயம்மாள் கையிலிருந்த உருண்டை இலையில் விழுந்தது. பின்னாலிருந்து யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். கலியன் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பேரு உனக்கு யாருபா சொன்னது?"

"ஏன்? ஊர்ல சொல்லிக்கினாங்க."

கலியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கி உச்சியில நான் இங்க இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஊரைப் பார்த்து நடந்தார். தர்மனுக்கு உள்ளே ஏதோ கொஞ்சம் இடறியது. எல்லம்மாள் என்ற பெயரை அவன் பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்து வைத்திருந்தான்.

இருந்தாலும் எடுத்த காரியத்தை விடுவானா? விடியற்காலையில் கொட்டகைக்குள் போனான். கூரை பாதி சரிந்திருந்தது. குழி இருந்தது. காலால் அழுத்தும் மிதி இல்லை, நாடா இல்லை, பாவு என்று ஓர் இழைகூட இல்லை. உத்தரத்திலிருந்து அச்சுப்பலகை மட்டும் இரண்டு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வோர் இழையையும் அடித்துச் சேர்க்குமே, அந்தப் பலகை. தர்மன் மடியிலிருந்து சாயம் போடாத முறுக்குப் பட்டு நூலை எடுத்தான். தலைமயிர் கனம்கூட இருக்காது. ஆனால் ஆள் பிடித்துத் தொங்கினாலும் அறுந்தால்தானே? ஒரு முனையைப் பலகையில் கட்டி, பின்பக்க ஜன்னல் வழியாக விட்டு, ஒரு கிழட்டு மாமரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். மெட்ராஸ்காரன் கண்ணுக்கு அது ஏழு ஜன்மத்துக்கும் தெரியாது.

உச்சி வேளை என்பது ராத்திரியைவிடக் கெட்டது. ராத்திரியில் பயந்தால் விளக்கேற்றலாம். உச்சியில் எதை ஏற்றுவது? வெயில் நெட்டுக்குத்தாக இறங்கியது. மரத்தின் நிழல் மரத்துக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. ஓர் இலை அசையவில்லை. கூடாரத்துக்குள் விருந்தாளிகள் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தார்கள்.

"வெளிய போயிட்டு வந்துடறேன்" என்று தர்மன் சொம்போடு கிளம்பினான். மரத்துக்குப் பின்னால் குந்தி, நூலைச் சுண்டினான்.

டக்.

கூடாரத்தில் பேச்சு நின்றது.

"காத்துதான்" என்றது ராஜவேலுவின் குரல்.

"காத்து எங்கடா அடிக்குது?" என்றாள் ஜெயம்மாள்.

டக்.

ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. "நான் புள்ளைங்கள இட்டுக்கினு இப்பவே பஸ் ஏறப் போறேன். இனிமே காஞ்சிபுரம் பக்கம் தலை வெச்சிப் படுக்க மாட்டேன், ஆமா!" என்று ஜெயம்மாள் கத்துவது காதில் தேனாகப் பாய்ந்தது. ராஜவேலு முளையைப் பிடுங்கும் சத்தம்கூடக் கேட்டது. ஜெயித்தாயிற்று. அத்தோடு எழுந்து வந்திருந்தால் அவன் புத்திசாலி. கடைசியாக ஒன்று, உறுதிக்கு, என்று மறுபடியும் நூலைச் சுண்டினான்.

நூல் வரவில்லை.

எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று கொஞ்சம் அழுத்தி இழுத்தான். நூல் விறைத்து நின்றது. பிறகு, மெதுவாக, மிக மெதுவாக, அவன் விரலிலிருந்து நூல் உள்ளே போக ஆரம்பித்தது.

தர்மன் பார்த்துக்கொண்டே இருந்தான். நூல் ஜன்னலைப் பார்த்து ஊர்ந்தது. அவன் அனிச்சையாக இறுக்கிப் பிடித்தான். மறுமுனையில் இருப்பவர் வெடுக்கென்று ஓர் இழு இழுத்தார். விரலில் ரத்தக்கோடு விழுந்தது. அந்த நிமிஷம் கொட்டகைக்குள் தறி ஓட ஆரம்பித்தது. வெறும் டக் இல்லை. மிதி இறங்கும் சத்தம், நாடா பாயும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம், மறுபடி மிதி, மறுபடி நாடா. வருஷக்கணக்காக நெய்த கை போடுகிற நிதானத்தோடு, அவசரமே இல்லாமல் ஓடியது.

மிதி இல்லாத தறி. நாடா இல்லாத தறி. காலையில் கண்ணால் பார்த்தானே!

சொம்பு ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். தர்மன் ஓடிய ஓட்டத்தில் தோப்பு முனையிலிருந்த பொன்னியம்மன் கல்லின் மேலேயே போய் விழுந்தான். கூடாரத்து ஜனம் முழுக்கத் திரண்டு வந்துவிட்டது.

"ஆத்தா! தப்பு பண்ணிட்டேன் ஆத்தா! உசுரோட வுட்டுடு! வருசா வருசம் என் பொண்டாட்டி வூட்டு ஜனம் அத்தினி பேரையும் நானே இட்டாந்து, பத்து நாளு ஒக்கார வெச்சி சோறு போட்டு, உனக்குப் பொங்கல் வெக்கிறேன்! ஒருத்தர வுடமாட்டேன் ஆத்தா!"

என்ன தப்பு என்பது மட்டும் அவன் வாயில் வரவில்லை.

"மாமா!" என்று ராஜவேலு நெகிழ்ந்துபோனான். "எங்க மேல உனக்கு இம்மாம் பிரியமா? இத்தினி நாளா தெரியாம போச்சே மாமா!" ஜெயம்மாள் மூக்கைச் சிந்தினாள். பிடுங்கிய முளையை மறுபடியும் அடித்தார்கள். ஆத்தாளே காவலுக்கு இருக்கும்போது எந்த எல்லம்மாள் வந்தால் என்ன?

ரேணுகாம்பாள் எங்கிருந்தோ நடந்து வந்தாள். நெற்றியில் வேர்வை. இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் காசு வைத்து முடிந்து, கல்லின் கழுத்தில் கட்டினாள். கற்பூரம் ஏற்றினாள். வேண்டுதல் கெட்டியாகிவிட்டது. தோப்புக்கு டேரா போட வந்தவளிடம் மஞ்சள் துணி எப்படித் தயாராக இருந்தது என்று அந்த நேரத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாளும் தங்கிவிட்டுத்தான் போனார்கள். கடைசி பஸ்ஸை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் தர்மனுக்குத் தைரியம் திரும்பிற்று. ரேணுகாம்பாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ரேணு, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காத. அந்த வேண்டுதல் செல்லாதும்மா."

"ஏங்க?"

"அங்க பேயும் இல்ல, ஒண்ணியும் இல்ல. நான்தான் நூல் கட்டி இழுத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"காலையில சுள்ளி பொறுக்கப் போனேன். முழங்கையில நூல் பட்டுச்சு. வருசம் முன்னூத்து அறுவது நாளும் உங்க நூல சுத்திக்கினு கிடக்கறது யாரு? கண்ணை மூடிக்கினு தொட்டாகூட எந்த முறுக்குன்னு சொல்லுவேன். அவங்க கண்ணுக்குத் தெரியாதுன்னு பாத்தீங்க. என் விரல மறந்துட்டீங்க."

"அப்ப அந்தப் பக்கம் இழுத்தது?"

"நான்தான்."

"அடிப்பாவி! இந்தா பாரு, விரல் இன்னும் ஆறல! அப்ப நிச்சயமா செல்லாது!"

"நீங்க பேய்க்கா வேண்டிக்கினீங்க? ஆத்தாளுக்குத்தான? செல்லாதுன்னா பரவால்ல, ராஜவேலுவையும் ஜெயாவையும் வரச் சொல்லி நிக்க வெச்சி, நூல எதுக்குக் கட்டினேன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க."

தர்மன் நீட்டிய விரலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"பொறந்த வூடுன்னு எனக்கு இருக்கறது இந்தப் பத்து நாளுதாங்க" என்றாள் அவள். "அதையும் இல்லாம பண்ணப் பாத்தீங்களே."

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நிஜமாகவே வெட்கம். பேச்சை மாற்றினால் தேவலை என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"சரி வுடு, தப்புதான். ஆனாலும் கில்லாடிதான் நீ. தறி ஓட்டின பாரு ஒரு ஓட்டம்! மிதி சத்தம், நாடா சத்தம், எல்லாம் அச்சு அசலா. எப்படிப் பண்ணே?"

பூண்டு உரித்த கை அப்போதுதான் நின்றது.

"எந்தத் தறி?"

"கொட்டாய்ல ஓட்டினியே."

"நான் வாசப்படியில நின்னுக்கினு நூலத்தாங்க எட்டிப் புடிச்சி இழுத்தேன். குழிப்பக்கம் போகவே இல்ல. அந்தச் சத்தம் நீங்க பண்ணதுன்னு இல்ல நெனச்சேன்?"

தர்மன் அவள் முகத்தையே பார்த்தான். சிரிப்பு இருக்கிறதா என்று தேடினான். உதட்டோரம் பார்த்தான், கண்ணோரம் பார்த்தான். அவள் அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சி வேளையில் அவள் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவனும் தறியும்தான். பிள்ளை இல்லை, துண்டு இல்லை, மச்சான் இல்லை. அவன் ஆசைப்பட்ட அதே அமைதி. மிதித்தான், நாடாவை விட்டான், அடித்தான். தன் தறிச் சத்தத்துக்கே உடம்பு சிலிர்த்தது. நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அவன் நிறுத்திய பிறகும் ஓர் அடி விழுந்தது.

அன்றைய தபாலிலேயே பெரம்பூருக்கு ஒரு கார்டு போயிற்று: "மச்சானுக்கு, அடுத்த வைகாசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்தக் கார்டு கண்டவுடன் குடும்பத்தோடு புறப்பட்டு வரவும், எத்தனை நாள் தங்கினாலும் சந்தோஷமே."