ஆசிரியர் பெயர் சொன்னால்தான் புத்தகம்

கேள்வி கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. பஸ் போய்விட்டதா, பாலுக்கு உறை ஊற்றியாயிற்றா, உன் மகளுக்கு எத்தனையாவது மாதம் என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறவர்கள் இன்னொரு வகை. நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி.

இவர்களை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் முதல் உருண்டையை வாயில் வைக்கும்வரை காத்திருந்து, “உலகத்திலேயே நீளமான ஆறு எது, சொல்லுங்க பாப்போம்” என்பார்கள். வாயில் சோறு இருக்கிறவர் எந்த ஆற்றைச் சொல்வார்? இருக்கன்குடிக்கு நடந்து போகிறோம், காலெல்லாம் கொப்புளம் போட்டுக் கிடக்கிறது, மாரியம்மா மாரியம்மா என்று ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கிறோம். “இங்கன கூடுற ரெண்டு ஆறும் எது எது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். துக்க வீட்டில்கூட, இறந்தவருக்கு வயது என்ன என்று கேட்டுவிட்டு, நாம் சொன்ன பிறகு, “தப்பு, ரெண்டு கூட” என்று திருத்துகிறவர்கள் இவர்கள்.

நாம் தப்பாகச் சொன்னால் இவர்கள் முகம் மலர்ந்துவிடும். அப்போது இவர்களைப் போல நல்லவர்கள் கிடையாது. தோளைத் தட்டுவார்கள், டீ வாங்கித் தருவார்கள், “பரவால்ல, அம்புட்டுப் பேரும் இங்கதான் சறுக்குவாக” என்று ஆறுதலும் சொல்வார்கள். சரியாகச் சொல்லிவிட்டால்தான் ஆபத்து. முகம் சுருங்கும். “சரி, எந்த வருசம்?” என்பார்கள். வருஷத்தையும் சொல்லிவிட்டால், “எந்த மாசம்?” இரண்டாவது கேள்வி இல்லாமல் இவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதே இல்லை.

எங்கள் தெருவில் இருப்பவர் ஊர்க்காவலன். சிவகாசியில் ஒரு அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற மிஷினில் வேலை. இந்த வகையில் இவரைப் போல இன்னொருவர் விருதுநகர் மாவட்டத்தில் இருக்க முடியாது என்பது என் எண்ணம். மற்றவர்கள் ஆறு, மலை, தலைநகரம் என்று பொதுவாகக் கேட்பார்கள். ஊர்க்காவலன் கேட்பது ஒன்றே ஒன்று: ஆப்பிரிக்க நாவல்களும் அவற்றை எழுதியவர்களும்.

ஏன் ஆப்பிரிக்கா? காரணம் இருக்கிறது. அவருடைய அச்சாபீசில் ஒரு சமயம் பொது அறிவுப் புத்தகம் ஒன்று அச்சடித்தார்கள். அதில் ஒரு தாளில் இடது பக்கம் இருபத்திரண்டு ஆப்பிரிக்க நாவல்களின் பெயர்கள், வலது பக்கம் இருபத்திரண்டு ஆசிரியர்கள். முதலில் ஓட்டிப் பார்க்கிற தாள் ஒன்றை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தலைநகரம் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பட்டென்று சொல்லிவிடுகின்றன. அதில் என்ன சுகம்? ஆப்பிரிக்க நாவல் என்று ஆரம்பித்தால் தெருவே வாயை மூடிக்கொள்கிறது.

அதோடு விட்டிருந்தால் போகிறது என்று இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வந்து, படிப்பகத்துக்கு என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டார். ஊர்க்காவலன் அந்தத் தாளில் இடது பக்கத்தைக் காட்டினார். பாவம் அந்தப் பெரியவர், அலைந்து திரிந்து, இருபத்திரண்டு நாவல்களையும் தமிழில் தேடிப் பிடித்து ஒரே கட்டாக அனுப்பிவிட்டார். கட்டைப் பிரிக்காமல் அப்படியே அச்சாபீசுக்குத் தூக்கிப் போய், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி காக்கி அட்டை ஒட்டி, முதுகில் நாவலின் பெயரை மட்டும் போட்டு வாங்கி வந்தார் ஊர்க்காவலன். ஆசிரியர் பெயர் ஏன் இல்லை என்கிறீர்களா? வெளியே போட்டால் பார்த்துச் சொல்லிவிடுவார்களே! கண்ணாடி பீரோவில் அடுக்கிப் பூட்டு போட்டார். பீரோவுக்கு மேலே சட்டம் எழுதி ஒட்டினார்: ஆசிரியர் பெயர் சொன்னால்தான் புத்தகம்.

நான்கு வருஷத்தில் ஒரு புத்தகம் வெளியே போகவில்லை. “எங்கிட்ட சாவி வந்த பிறகு ஒரு புத்தகம் தொலைஞ்சிருக்கா, ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கா?” என்று அவர் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. பரீட்சை வைக்கிறவருக்குப் படிக்க ஏது நேரம்?

இப்போது எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். நாங்கள் ஐந்து பெண்கள் வெடிக்குக் குழாய் சுற்றுகிறோம். பட்டாசுக் கம்பெனியிலிருந்து பழைய பேப்பர் லோடு வரும். பேப்பரைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருவிப் போட வேண்டும். நியூஸ் பேப்பரும் வரும், பழைய புத்தகமும் வரும். புத்தகம் வந்தால் முதல் வேலை அட்டையைக் கிழித்து எறிவது. அட்டை தடிமன், சுற்ற வராது. ஐந்து பேரில் பன்னிரண்டாவது வரை படித்தவள் அப்சானா ஒருத்திதான். மற்ற எங்களுக்கு எழுத்து தெரியாது, காது கேட்கும். அதனால் கதைப் புத்தகம் வந்தால் தாள் முதலில் அப்சானா கைக்குப் போகும். அவள் உரக்கப் படித்துவிட்டுக் கொடுக்க, நாங்கள் கேட்டுவிட்டுச் சுற்றுவோம். இப்படி நாங்கள் கேட்ட கதைகளுக்குக் கணக்கில்லை. ஒன்றின் பெயரும் தெரியாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது.

போன தை மாதம் அப்படி ஒரு கதை வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு வறண்ட ஊர். அங்கே ஒரு தாய். அவள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, செல்லக்கனி என்று வைத்துக்கொண்டோம். அப்சானாவும் அந்தப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் செல்லக்கனி என்றே படித்தாள். மகன் அவளோடு சண்டை போட்டுவிட்டுத் தங்கச் சுரங்கத்து வேலைக்குப் போய்விடுகிறான். மூன்று மழைக்காலம் போகிறது, ஒரு சேதி இல்லை. கடைசியில் செல்லக்கனி வைராக்கியத்தை விட்டு, ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, சுரங்கத்து கேட்டில் போய் நிற்கிறாள். காவல்காரர் பதிவேட்டைப் புரட்டுகிறார். மகன் பெயரில் விரலை வைக்கிறார். நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்.

அதற்கு மேல் தாள் இல்லை.

கடைசித் தாள்களை முந்தின நாளே எங்களில் ஒருத்தி, சோலையம்மாள், சுற்றிவிட்டாள். கட்டின் அடியிலிருந்து உருவியிருக்கிறாள். குழாயெல்லாம் கம்பெனிக்குப் போயாயிற்று. அந்தக் கதையின் முடிவு எந்த ஊர்த் தெருவில் வெடித்துச் சிதறியதோ, தெரியாது.

நாங்கள் சோலையம்மாளை ஒரு நாள் முழுக்கத் திட்டிவிட்டு ஓய்ந்துவிட்டோம். எங்களோடு சுற்றுகிற குருவம்மாள் மட்டும் ஓயவில்லை. அவள் மகன் முனியராஜ் ஒரு வார்த்தைச் சண்டையில் திருப்பூருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. “பெத்தவ நான் எதுக்கு முதல்ல கூப்பிடணும்? அவன் கூப்பிடட்டும்” என்று இருப்பவள். அந்தக் கதை வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“மதினி, அந்தக் காவக்காரன் என்னத்தச் சொல்லியிருப்பான்? இருக்கான்னா, செத்துட்டான்னா?”

“எனக்கு எப்படித் தெரியும்? வா, அந்தப் புத்தகம் பீரோல இருக்கான்னு கேப்போம்.”

நான், குருவம்மாள், அப்சானா மூன்று பேரும் படிப்பகத்துக்குப் போனோம். ஊர்க்காவலனுக்கு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான்கு வருஷத்தில் முதல் ஆள் நாங்கள்தான்.

“வாங்க பெரியம்மா. எந்த நாவல் வேணும்?”

“மகன் சுரங்கத்துக்குப் போயிருவான்ப்பா. ஆத்தாக்காரி கோழியத் தூக்கிக்கிட்டுத் தேடிப் போவா. அது” என்றேன் நான்.

“கதையக் கேக்கல. பேரச் சொல்லுங்க.”

“பேரு அட்டையில இருந்துச்சு. அட்டையக் கிழிச்சுட்டோம்.”

“எழுதினவர் எந்த நாடு?”

“வெயிலடிக்கிற நாடு” என்றாள் குருவம்மாள்.

“எந்த வருசம் வந்தது?”

“ஏன்ப்பா, நீதான் அம்புட்டும் தெரிஞ்ச ஆளாச்சே” என்றேன் நான். “இந்த இருபத்திரண்டுல கோழி வர்றது எது? அத மட்டும் எடுத்துக் குடு.”

அவர் பீரோவைப் பார்த்தார். முதுகு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனார். எதிலும் கோழி எழுதியிருக்கவில்லை.

“கோழியெல்லாம் பரீட்சைக்கு வராது பெரியம்மா” என்றார்.

அப்சானா விடவில்லை. ஒரு முதுகிலிருந்த பெயரைப் படித்து, போனில் தட்டிப் பார்த்து, எழுதியவர் பெயரைச் சொன்னாள். ஊர்க்காவலன் தாளை விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“தப்பு!”

“அண்ணே, போன்ல போட்டிருக்குண்ணே.”

“போன்ல வர்றதெல்லாம் உண்மையாம்மா? நாளைக்குப் படிச்சுட்டு வா. அம்புட்டுப் பேரும் இங்கதான் சறுக்குவாக.”

வெளியே வந்ததும் குருவம்மாள் சொன்னாள், “அந்தப் பேருக்கு அவரு வேற ஆளையில்ல சொல்வாரு.” எங்கள் இருவருக்கும் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. ஊர்க்காவலன் வீட்டுக்கு அடுத்த வீடு குருவம்மாளுடையது. அவர் தினமும் காலையில் குளிக்கும்போது அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை உரக்க ஒப்பிப்பது வழக்கம். தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு நாவல், சோப்புப் போடும்போது இரண்டு நாவல். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு இருபத்திரண்டும் குருவம்மாள் காதில் ஏறிக் கிடக்கிறது. சுப்ரபாதம் மாதிரி.

மறுநாள் போனோம். அப்சானா ஒரு பெயரைப் படித்தாள். குருவம்மாள், ஊர்க்காவலன் சொல்கிற அதே இழுவையோடு, எழுதியவரைச் சொன்னாள். ஊர்க்காவலன் நின்ற இடத்திலேயே நின்றார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எந்த வருசம்?” என்றார்.

“சட்டத்துல வருசம் இல்லையேண்ணே” என்றாள்.

சட்டம் அவர் கையெழுத்து. பூட்டைத் திறந்தார். திறக்க வராமல் எண்ணெய் விட வேண்டியிருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு புத்தகம்தான். முதல் புத்தகத்தில் கோழி இல்லை. இரண்டாவதில் கோழி இருந்தது, சுரங்கம் இல்லை. மூன்றாவதில் ஒரு ராஜா வந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு நாளும் குருவம்மாள் வேலைக்கு நடுவில் கையைக் கழுவிக்கொண்டு ஓடுவாள், ஒப்பிப்பாள், வாங்கி வருவாள். அப்சானா முதல் பத்துப் பக்கம் படித்துப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். “குருவம்மாளுக்கு இலக்கியம் ஏறிப்போச்சு” என்று ஊர்க்காவலன் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஏறியிருந்தது ரத்தக்கொதிப்பு.

ஒன்பதாவது புத்தகத்தில் செல்லக்கனி இருந்தாள்.

எல்லோரும் கம்பியைக் கீழே வைத்தோம். சோலையம்மாள்கூட வைத்தாள். அப்சானா நேராகக் கடைசிக்குப் போனாள். காவல்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். “அவன் போன மாதமே போய்விட்டானே, தாயே. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னான்” என்கிறார். செல்லக்கனி கோழியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்த பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறாள். பஸ் போகிறது. வழியெல்லாம் மழை. அதோடு கதை முடிந்துவிட்டது.

“வீட்டுல மகன் இருந்தானா?” என்றாள் குருவம்மாள்.

“அது எழுதலக்கா” என்றாள் அப்சானா.

குருவம்மாள் எழுந்து போய் முழங்கை வரைக்கும் பசையைத் தேய்த்துக் கழுவினாள். சேலையில் துடைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அப்சானாவைப் போனில் அழுத்தவைத்து, வாங்கிக் காதில் வைத்தாள். மூன்று வருஷமாக ஒரு தடவைகூட அழைக்காத எண்.

“ஏலே,” என்றாள். “நான்தான். சாப்பிட்டியாலே?”

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் கொட்டகைக்கு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அப்சானா உள்பக்கத்தைத் திறந்து ஊர்க்காவலனிடம் காட்டினாள். அங்கே அச்சில் இருந்த ஆசிரியர் வேறு, குருவம்மாள் ஒப்பித்த ஆசிரியர் வேறு. ஒன்பது புத்தகத்திலும் அப்படித்தான். அவர் கொண்டுவந்த தாள் அச்சுக்கு முன்னால் ஓட்டிப் பார்த்த தாள் இல்லையா. அதில் வலது பக்கம் முழுக்க ஒரு வரி கீழே இறங்கி, கடைசிப் பெயர் முதல் வரிக்கு ஏறியிருக்கிறது. அச்சாபீசில் பிறகு சரிசெய்துவிட்டார்கள். ஊர்க்காவலன் சரிசெய்யவில்லை. ஒவ்வொரு நாவலையும் அதற்கு மேல்வரி நாவலை எழுதியவர் தலையில் கட்டிக்கொண்டு வருகிறார்.

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளையும் விரித்துப் பார்த்தார்.

“அச்சுப் பிழை” என்றார்.

“எதுலண்ணே?”

“புத்தகத்துல.”

பேனாவை எடுத்து, அச்சிலிருந்த ஆசிரியரை அடித்து, தம்முடையவரை அழகாக எழுதிவைத்தார். பிறகு மனத்தாங்கலோடு குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

“சரி, படிச்சியே. இந்த நாவல் எந்த வருசம் வந்துச்சு?”

“அது எனக்கு எதுக்குண்ணே?” என்றாள் குருவம்மாள். “என் மகன் வெள்ளிக்கிழமை வாரேன்னுருக்கான்.”

ஊர்க்காவலன் தலையை ஆட்டினார். “வருசம் தெரியல” என்று எங்களிடம் சொன்னார்.

இந்தச் சங்கதியை நான் இதுவரை பன்னிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கம்பெனி மேஸ்திரி, மகளிர் குழுத் தலைவி, விருதுநகர் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் என்று பலதரப்பட்டவர்கள். எல்லோரும் ஊர்க்காவலனை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்பது பேர் கேட்டது ஒரே கேள்வி: “அது என்ன நாவல், யார் எழுதினது?”

நீங்களும் இப்போது அதைத்தான் கேட்க வாயெடுத்தீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், நானும் அவ்வளவு பேரைப் பார்த்திருக்கிறேன். நாவலின் பெயர் எனக்குத் தெரியும். எழுதியவர் பெயரும், சரியான பெயர், தெரியும். சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை முனியராஜ் வந்தானா என்று முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள், அப்புறம் பார்ப்போம்.