அம்மா விளையாடிப் பார்த்தால்தான் கேம்

கடை திறந்து வைத்துக்கொண்டு, வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதையே தொழிலாகச் செய்த வியாபாரி கொழும்பில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சென்சார். இன்னொருவர் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இருபது வருடமாக வெள்ளவத்தையில் சாவி வெட்டுகிறேன். என் மேசையைத் தாண்டிப் போகாத ஆள் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவர் என்னை "ஐசே" என்பார். நான் "அண்ணை" என்பேன். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

காலி வீதி என்கிற பெரிய தெருவிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மாடிக் கட்டடம். படிக்குக் கீழே என் மேசை. அதை ஒட்டி அவர் கடை. வீடியோ கேம் டிஸ்க், கொன்ட்ரோலர், பழைய மெஷின் எல்லாம் விற்றார். அதாவது, விற்க வைத்திருந்தார்.

கண்ணாடியில் மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சிவப்பு ஒட்டி, அதாவது ஸ்டிக்கர், உள்ள கேம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இல்லை. அம்மாவோ அப்பாவோ வந்து, இதே கடையில் இருந்து, அதே கேமைப் பத்து நிமிடம் விளையாட வேண்டும். அதன் பிறகும் "குடுங்கோ" என்று சொன்னால் கொடுப்பார். ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டார்.

அரசாங்கத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அவர் கடையில் இருந்தது.

பெயர் வந்த கதை சின்னது. மூன்றாம் தரமும் வெறுங்கையோடு திரும்பிய ஒரு பெடியன் கேட்டான்.

"அங்கிள், நீங்கள் என்ன சென்சார் போர்டோ?"

"போர்ட் இல்லைத் தம்பி. நான் ஒரு ஆள்தான்."

அன்றைக்கு ஒட்டிய பெயர். பிறகு மின்சாரப் பட்டியல் கொண்டு வருபவர்கூட "சென்சார் இருக்கிறாரோ?" என்று என்னிடம் கேட்டார்.

ஒட்டி போடுவதும் அவர்தான். பெட்டியில் வெளிநாட்டுக்காரன் அடித்து அனுப்பும் வயது எண்ணை அவர் நம்புவதில்லை. "அவனுக்கு வெள்ளவத்தைப் பெடியளைத் தெரியுமோ?" என்பார். ஒவ்வொரு கேமையும் தானே விளையாடிப் பார்ப்பார். காலையில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற ஆள் மாதிரி சுடுவார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம்.

அவர் கணக்கு வேறு. பிணங்கள் எழும்பி வருகிற கேமுக்கு மஞ்சள்தான். "செத்தவனைத் திருப்பிச் சுடுறதில என்ன பாவம் ஐசே?" பண்ணை வைத்து மாடு வளர்க்கிற கேமுக்கும் மஞ்சள். "இதில மாட்டைப் பட்டினி போடலாம்." கிரிக்கெட்டுக்குச் சிவப்பு. ஏன் என்று கேட்டேன். "இதை விளையாடேக்கைதான் பெடியள் தூசணம் கதைக்கிறாங்கள்."

எத்தனை பேர் சாகிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. விழுந்தவனை அடிக்க விடுகிறதா என்று பார்ப்பார். விட்டால் சிவப்பு. விழுந்தவனை அடித்தால் புள்ளி கூட்டித் தருகிற கேமுக்கு இரண்டு சிவப்பு.

ஒருநாள் துவக்கு வெடிக்கும் கேம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார்.

"சத்தம் சரியில்லை ஐசே. உண்மையில இப்பிடிக் கேக்காது."

எங்கே கேட்டார் என்று நான் கேட்கவில்லை. அவர் வவுனியாவுக்கு அந்தப் பக்கத்து, சண்டை நடந்த ஊர் ஆள்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கேம் கடை வந்தது. அங்கே கேள்வி கிடையாது. ஆனாலும் பெடியள் சென்சாரிடமே வந்தார்கள். டிஸ்க் நல்ல டிஸ்க். பழுதானால் மாற்றித் தருவார். கொன்ட்ரோலர் திருத்துவதில் அவருக்கு நிகர் இல்லை. அதனால் அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சிங்களப் பெடியன் வந்தாலும் அதே கதைதான். "மல்லி, அம்மத் எக்க என்ன." அம்மாவோடு வா. அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அதுதான்.

ஒரு பெரிய பிளாஸ்டிக் கதிரை. அதில் சேலையோடு ஒரு அம்மா இருப்பார். மடியில் கோயில் அர்ச்சனைத் தட்டு. கையில் கொன்ட்ரோலர். ஒவ்வொரு வெடிக்கும் "முருகா" என்பார். பத்து நிமிடத்தில் எழும்பி, மகனை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு பெடியன் தானாகவே கார் ஓட்டப் பந்தயக் கேமை எடுத்துக் கொடுப்பான். பச்சை.

எல்லா அப்பாமாரும் அப்படி இல்லை. வங்கி உத்தியோகத்தர் ஒருவர் மகனோடு வந்தார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தார். இரண்டு நிமிடத்தில் செத்தார். "இன்னொருக்கால்" என்றார். திரும்பவும் செத்தார். பத்து நிமிடம் முடிந்தது. அரை மணியும் முடிந்தது. மகன் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, ரியூசனுக்கு நேரமாச்சு."

"நீ போ ராசா. நான் வாறன்."

சென்சார் மெஷினை நிறுத்தினார். "மகனுக்குக் குடுக்கலாம் சேர். உங்களுக்குத்தான் இன்னும் பதினெட்டு ஆகேல்லை." மனிதர் கோபிக்கவில்லை. வெட்கப்பட்டுப் போனார். பிறகு தனியாக இரண்டு தரம் வந்தார்.

கள்ள அம்மாவும் வந்தார். ஒரு பெடியன், சந்தையில் மீன் விற்கிற அக்காவை அம்மாவாக நடிக்கப் பேசிக் கூட்டி வந்தான். மட்டக்குளியிலிருந்து வருகிற அக்கா. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனாலும் கூடை கையில் இருந்தது.

"இது உங்கட மகனோ?" என்று சென்சார் கேட்டார்.

"ஆமா சார்."

"என்ன வகுப்பு?"

"படிக்கிறான் சார்."

கேம் தொடங்கியது. நகரத்தில் கார் களவெடுத்து ஓட்டுகிற கேம். அக்கா காரை ஓட்டினார். சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினார். பின்னால் வந்த கார்கள் இடித்தன. அக்கா அசையவில்லை.

"போங்கோ அம்மா, இது கேம்தானே" என்றான் பெடியன்.

"சிவப்புதானே விழுந்திருக்கு. அந்தா போலீஸ்காரன் நிக்கிறான் பாரு."

எட்டு நிமிடத்தில் மூன்று சந்தி தாண்டினார். பெடியனுக்குப் பொறுக்கவில்லை. கொன்ட்ரோலரைப் பறித்து, நடைபாதையில் போன ஒரு கிழவனின் மேல் காரை ஏற்றினான். அக்கா திரையைப் பார்த்தார். பெடியனைப் பார்த்தார். தலையில் ஒரு குட்டு விழுந்தது. வெளியே இருந்த எனக்குக் கேட்டது.

"அந்த மனுசன் சும்மாதானே போனான். எதுக்குடா? சார், இவனோட அம்மா யாருன்னு சொல்லுங்க. நான் போய்ச் சொல்லிட்டுப் போறேன்."

சென்சார் கொப்பியில் எழுதினார். பிறகு எனக்குக் காட்டினார். "அம்மா இல்லை. ஆனால் பாஸ்."

இப்படி நடத்தினால் கடை எவ்வளவு காலம் நிற்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். நின்றது. ஒரே ஒரு கஷ்டம்தான். கட்டடம் அவருடையது இல்லை. வருடத்துக்கு ஒரு தரம் சொந்தக்காரரிடம் போய் அக்ரிமெண்டில் கையெழுத்து வாங்க வேண்டும். சொந்தக்காரர்தான் எங்கள் வீதி வியாபாரிகளுக்கும் தலைவர். சேர்மன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையெழுத்து வைக்காவிட்டால் சென்சாருக்குக் கடை இல்லை. வேறு தொழிலும் தெரியாது.

போன வருடம் அக்ரிமெண்ட் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு கூட்டம் நடந்தது. அரசாங்கப் பக்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அடிதடிக் கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் போடலாமா வேண்டாமா என்று வியாபாரிகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். நானும் போனேன். தேத்தண்ணியோடு ரோல்ஸ் கொடுத்தார்கள்.

சேர்மன் எழும்பினார். பால் வெள்ளை வேட்டி. சட்டம் கட்டாயம் வேண்டும் என்றார். எங்கள் பிள்ளைகளின் பிஞ்சு மனது என்றார். எதிர்காலச் சந்ததி என்றார். அதிகாரி எழுதி எழுதிக் களைத்துப் போனார்.

எதிர்க்கடைக்காரர் சட்டம் வேண்டாம் என்றார். பெடியள் போனிலேயே இறக்குகிறார்கள், கடையைப் பூட்டினால் நட்டப்படுவது நான் மட்டும்தான் என்றார். அதிலும் ஞாயம் இருந்தது.

பிறகு எல்லோரும் சென்சாரைப் பார்த்தார்கள். அவர் எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னார்.

"இப்ப அம்மா வந்து பாக்கிறா. சட்டம் வந்தா அம்மா வரமாட்டா. அரசாங்கம் பாத்திட்டுது எண்டு வீட்டில இருந்திடுவா."

அதிகாரி பேனையை நிறுத்தினார். "அப்ப சட்டம் வேணாம் என்று எழுதவா?"

"நான் சொன்னதை எழுதுங்கோ."

திரும்பி நடந்து வரும்போது நான் வாயைத் திறந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் நான் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான்.

"அண்ணை, எல்லாக் கடையிலும் நீங்கள் இல்லையே. உங்களுக்கு ஒண்டு நடந்தா பிறகு ஆர் பாக்கிறது?"

அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். மாலையில் கதவு பூட்டும்போது சொன்னார்.

"அதுக்குச் சட்டம் வேணும்தான் ஐசே."

"அப்ப கூட்டத்தில ஏன் சொல்லேல்லை?"

"சேர்மன் முந்திச் சொல்லிப்போட்டாரே."

அடுத்த கிழமை சேர்மன் கடைக்கு வந்தார். கூடவே மகன். பன்னிரண்டு வயது இருக்கும். கடைசிப் பிள்ளை, அன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாள். பெடியன் நேராகப் போய் ஒரு டிஸ்க்கை எடுத்தான். இரண்டு சிவப்பு ஒட்டி உள்ள டிஸ்க்.

"இதைச் சுத்திக் குடும்" என்றார் சேர்மன். "வகுப்பில எல்லாரும் வைச்சிருக்கினமாம்."

சென்சார் கதிரையை இழுத்துப் போட்டார். துணியால் துடைத்தார்.

"பத்து நிமிசம் ஐயா."

"நீர் என்ன, விளையாடுறீரோ?"

"நான் இல்லை ஐயா. நீங்கள்தான் விளையாடோணும்."

"நான் ஆரெண்டு தெரியுமோ உமக்கு?"

"தெரியும். அதாலதான் துடைச்சனான்."

நான் சாவி வெட்டுவதை நிறுத்தினேன். மெஷின் ஓடினால் கதை கேட்காது.

சேர்மன் குரலைத் தாழ்த்தினார். "வாற மாசம் அக்ரிமெண்ட் முடியுது. ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு. அது வேற. இது வேற."

வாசலில் இரண்டு அம்மாமார் தங்கள் முறைக்காக நின்றார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று சேர்மனுக்குத் தெரிந்தது. கதிரையில் இருந்தார். கொன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தார். மகன் திருப்பிக் கொடுத்தான்.

திரையில் ஒரு சந்து. ஒரு ஆள் வந்தான். சேர்மன் விலகி நடந்தார். அவன் மறித்தான். சேர்மன் எந்தப் பட்டனையோ அமத்த, அவன் விழுந்துவிட்டான். சேர்மன் "ஐயோ" என்றார். மகன் துள்ளினான்.

"அடியுங்கோ அப்பா. கிடக்கேக்கையே அடியுங்கோ. தலையில மிதியுங்கோ. அப்பதான் பொயின்ட் கூட."

சேர்மன் மிதிக்கவில்லை. கொன்ட்ரோலரை மடியில் வைத்தார். மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் நல்ல சந்தோசம். விழுந்தவன் திரையில் முனகிக்கொண்டே கிடந்தான்.

மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. சென்சார் மீதி ஏழு நிமிடத்தைக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினார்.

சேர்மன் எழும்பி, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். ஒன்றும் வாங்கவில்லை. எதிர்க்கடைக்கும் போகவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

அக்ரிமெண்டில் கையெழுத்தும் வைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. ஒரு மனிதனை நாலு பேருக்கு முன்னால் அப்படி இருத்திவிட்டு, அவனிடமே கடை கேட்கப் போவது கஷ்டம்தான். சென்சார் போய்க் கேட்டார். வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

"ஒருக்கால் மன்னிப்புக் கேட்டுப் பாருங்கோவன்" என்றேன்.

"எதுக்கு?"

எனக்கும் தெரியவில்லை.

சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது அவர் முகத்தில் பெரிய துக்கம் இல்லை. "அந்தப் பெடியனுக்குக் கேம் வாங்கிக் குடுக்கேல்லையாம். வீட்டு வேலைக்கு வாற மனுசி சொன்னது" என்றார். ஏதோ நல்ல வியாபாரம் முடிந்த ஆள் மாதிரிச் சொன்னார். கடை போன கதையை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இப்போது கொட்டாஞ்சேனையில், மச்சானின் வீட்டு முன் அறையில் கொன்ட்ரோலர் திருத்துகிறார். சட்டம் இன்னும் வரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போனது எங்கே இருக்கிறதோ தெரியாது.

அவருடைய இடத்தில் வேறு ஒருவர் கேம் கடை போட்டிருக்கிறார். நல்ல மனிதர். குளிரூட்டி பூட்டியிருக்கிறார். பெடியன் உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் பையோடு வெளியே வருவான். அம்மாமார் யாரும் வருவதில்லை.

போன மாதம் ஒரு பெடியன் உள்ளே போகப் போனான். பத்து வயது இருக்கும். நான் சாவி ஒன்றை அராவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அம்மாவுக்குத் தெரியுமோ?"

அவன் நின்றான். "உங்களுக்கென்ன அங்கிள்?"

"ஒண்டுமில்லை. கேட்டனான்."

அவன் உள்ளே போனான். வாங்கிக்கொண்டுதான் வந்தான். ஆனால் பையை என் பக்கம் தெரியாமல் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு போனான்.

அதன் பிறகு வருகிற எல்லாப் பெடியளிடமும் கேட்கிறேன். சில பேர் பதில் சொல்கிறார்கள். சில பேர் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கத்தால் போகிறார்கள். புதுக் கடைக்காரர் ஒருநாள் என்னை முறைத்துப் பார்த்தார். இருபது வருடத்தில் நான் இவ்வளவு கதைத்ததில்லை. தொண்டை நோகிறது. சென்சார் பக்கத்தில் இருந்த காலத்தில் நான் பேசாமல் இருக்க முடிந்தது.